காட்டுத் தொழிலாளர்களுக்காக வாழ்ந்த தொழிற்சங்கத் தலைவர்களில் உங்களால் மறக்க முடியாதவர் யார்?

சிக்கோ மெண்டிஸ். பிரேசிலின் மேற்குக் கோடியில், பொலிவியா எல்லையை ஒட்டிய ஆக்ரி மாநிலத்துக்காரர். சூழலியல் போராளி என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். என்னைக் கேட்டால், அவர் முதலில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, அப்புறம் சங்கத் தலைவர். காட்டைக் காக்க வேண்டும் என்பதே அவருக்குச் சங்க வேலை வழியாக வந்ததுதான்.

குமரி மாவட்டத்துக்காரனான எனக்கு ரப்பர் என்றால் வரிசையாக நட்ட தோட்டம்தான். அமேசானில் அது காட்டு மரம். தள்ளித் தள்ளி நிற்கும். தொழிலாளி விடியும் முன்பே தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் கிளம்பி, மரம் மரமாகப் பட்டையைக் கீறிக் கிண்ணம் வைத்துக்கொண்டே போவார். பிறகு அதே பாதையில் இன்னொரு சுற்றுப் போய்ப் பாலைச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து, புகை மூட்டத்தில் ஊற்றி ஊற்றி உருண்டையாகத் திரட்ட வேண்டும். உப்பு முதல் கத்தி வரை எல்லாம் முதலாளியிடம் கடனுக்கு. கணக்கு எழுதுவதும் முதலாளியேதான். எழுதப் படிக்கத் தெரிந்தால் கணக்கைக் கேட்பார்கள் என்று பள்ளிக்கூடமே வரவிடவில்லை.

1944-ல் அங்கே பிறந்த சிக்கோ சின்ன வயதிலேயே பால்வெட்டப் போனார். அவருக்கு எழுத்தறிவித்தவர் தாவோரா என்ற கம்யூனிஸ்ட், காட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்தவர். பாடப்புத்தகம் கிடையாது, செய்தித்தாள்தான். அப்புறம் ரேடியோ. மாஸ்கோ, பிபிசி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று எல்லாவற்றையும் கேட்க வைத்தார். எந்தச் சங்கமானாலும் உள்ளே போய் வேலை செய் என்று சொன்னவரும் அவர்தான்.

எழுபதுகளில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் நிலத்தை வாங்கிக் காட்டை வெட்டிக் கொளுத்த ஆரம்பித்தார்கள். 1975-ல் ஆக்ரியில் உள்ள பிரசிலேயா என்ற ஊரில் கிராமப்புறத் தொழிலாளர் சங்கம் உருவானது. சிக்கோ அதன் செயலாளர். அடுத்த ஆண்டு தொடங்கிய போராட்ட முறைக்கு எம்பாத்தே என்று பெயர். மரம் வெட்டும் இடத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போய் நிற்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் முன்னால் நிற்பதும், தேசிய கீதம் பாடுவதும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடப்பதுதான். இயந்திர ரம்பம் பிடித்து நிற்பவனும் ஏழைக் கூலிதானே? அவனை அடிக்கப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள்: இந்தக் காடு போனால் எங்கள் பிழைப்பு போகும், வேலை முடிந்ததும் உனக்கும் இங்கே இடமில்லை. பல நேரம் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். எதிரில் நிற்கும் கூலியாளையும் தொழிலாளியாகப் பார்த்த இந்தப் பார்வைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1980-ல் பிரசிலேயா சங்கத் தலைவர் வில்சன் பின்யேரோவைச் சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சிக்கோ ஒதுங்கிப் போகவில்லை. ஷாபுரி ஊரில் சங்கத்தை நடத்தினார். 1985-ல் நாட்டின் தலைநகரான பிரசீலியாவில் ரப்பர் தொழிலாளர்களின் முதல் தேசிய மாநாடு கூடியது. நிலம் அரசுடையது, அதில் பால் வெட்டவும் பிரேசில் கொட்டை பொறுக்கவும் உரிமை அங்கேயே வாழ்பவர்களுக்கு என்ற திட்டம் அங்கேதான் முன்வைக்கப்பட்டது. நாளுக்கு இவ்வளவு கூலி என்று கேட்கும் சங்கங்களையே பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு சங்கம் காட்டுக்கே நிர்வாகத் திட்டம் போட்டது பெரிய விஷயம். பழங்குடிகளும் பால்வெட்டுக்காரர்களும் பல காலம் ஒருவரையொருவர் கொன்றவர்கள்; அவர்களையும் ஒரே அணியில் சேர்க்க உழைத்தார். 1987-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது கிடைத்தது.

1988-ல் கஷோயேரா காட்டை வாங்கி வெட்ட வந்த பண்ணைக்காரர் தார்லி ஆல்வெஸைச் சங்கம் தடுத்தது. அந்த டிசம்பர் 22 அன்று மாலை, பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்கள் வீட்டுக்குள் இருக்க, சிக்கோ தோளில் துண்டோடு கொல்லைப்புறம் குளிக்கப் போனார். கதவைத் திறந்ததும் சுட்டார்கள். 44 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தார்லிக்கும் அவர் மகனுக்கும் 1990-ல் தலா 19 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அதே 1990-ல் சுமார் 9.7 லட்சம் ஹெக்டேர் காடு அவர் பெயரில் தொழிலாளர்களின் பயன்பாட்டுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் பாலுக்கும் கொட்டைக்கும் கிடைக்கும் காசு போதாமல், காப்பகத்துக்குள் இருப்பவர்களிலேயே பலர் மாடு வளர்ப்புக்கு மாறிவிட்டார்கள். அதற்காக உள்ளேயே மரம் விழுகிறது. காட்டுப் பொருளுக்கு நியாய விலை என்ற பிரச்சினை இன்னும் தீரவில்லை.