பழைய மடக்குக் கத்தியைப் பிரித்துச் சேர்க்கும்போது புது ஆணியை எப்படிப் பொருத்துவது?

அளவு சரியாக இருந்தால் சுத்தியலுக்கு வேலை ரொம்பக் குறைவு. இதை நான் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சாக்குத் தையல் அறுக்க வைத்திருந்த கத்தி அது. என் கைக்கு வந்தபோது அலகு இரண்டு பக்கமும் ஆடியது. கம்பி ஆணி ஒன்றை நறுக்கிப் போட்டு, தலை பரக்கும்படி நாலு சாத்து சாத்தினேன். ஒரு வாரம் கிண்ணென்று இருந்தது, அப்புறம் பழைய ஆட்டம்தான். அடித்தால் ஆணியின் இரண்டு முனையும்தான் பருக்கும். நடுவில், அலகு சுழலும் இடத்தில், அது அதே ஒல்லி ஆணிதான்.

கோவை கணபதியில் லேத் ஓட்டும் நண்பர் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தொளையை அளந்தீங்களா? காலைப் பாக்காம செருப்பு வாங்குன மாதிரி இருக்குதுங்க" என்றார்.

துளையை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். இந்தக் கத்திகளில் 3/32 அங்குல ஆணி, அதாவது 2.38 மி.மீ., நிறைய வரும். வெல்டிங் சாமான் கடையில் 2.4 மி.மீ. டிக் ராடு (வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் கம்பி, டங்ஸ்டன் முனை அல்ல) கிடைக்கும், கிட்டத்தட்ட அதே அளவு. துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் அடுத்த பருமனுக்குப் போக வேண்டியதுதான். பக்கத் தகடுகளில் ரீமர் போட்டு, அதாவது துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவியை விட்டு, திருகலாம். அலகு பதம் போட்ட இரும்பு, சாதாரண டிரில் பிட் ஏறாது. பழுக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும். புது ராடிலேயே வால்வு அரைக்கும் பேஸ்டைத் தடவி, அலகின் துளைக்குள் விட்டுப் பொறுமையாகத் திருகுங்கள். தகட்டில் ராடு இறுக்கமாக நிற்க வேண்டும், அலகில் ஆட்டமில்லாமல் வழுக்க வேண்டும்.

அலகை அழுத்திப் பிடிக்கும் முதுகு ஸ்பிரிங் இருக்கும் கத்தி என்றால், இரண்டு தகடு, அலகு என மூன்றின் துளைகளும் தானாக ஒரே நேரில் வந்து நிற்காது. நுனி கூராக்கிய தற்காலிக ஆணியால் இழுத்து நேராக்கிவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டே நிஜ ஆணியை நுழைக்க வேண்டும். எனக்கு இதில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

வெளித் துளையின் வாயை லேசாக விரித்துக்கொள்ளுங்கள், ஆணித்தலை பருத்து உட்கார அந்த இடம் வேண்டும். இரு பக்கமும் ஒரு மி.மீ. நீட்டி விட்டால் போதும். அலகுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு செய்தித்தாளைச் செருகிக்கொண்டு, உருண்டைத் தலைச் சிறு சுத்தியலால் பக்கம் மாற்றி மாற்றித் தட்டுங்கள். பத்துத் தட்டுக்கு ஒரு முறை கத்தியைத் திறந்து மூடிப் பாருங்கள். கைப்பிடி கொம்பு என்றால் அங்கே இன்னும் மெதுவாக, இல்லாவிட்டால் விரிசல் விட்டுவிடும். என்னுடையதில் ஒரு கீறல் அப்படி வந்ததுதான். முடிந்ததும் காகிதத்தைக் கிழித்து இழுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் அலசி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.