நண்பருடன் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக் கடலோரத்திலும் பழைய நகரங்களிலும் சுற்றியிருக்கிறீர்களா? நட்பு தாங்கியதா?

சுற்றியிருக்கிறேன். மார்ச் மாதம், 14 நாள், நானும் என் கல்லூரித் தோழியும். வியட்நாமின் நடுப்பகுதிக் கடலோரம். ஹுவேயில் தொடங்கி டா நாங், ஹோய் ஆன், குவி நோன் வழியாகத் தெற்கே நா திராங் வரை போனோம். நட்பு தாங்கியது. ஆனால் நான்காம் நாள் இரவு, இனி தாங்காது என்றுதான் நினைத்தேன்.

அன்று ஹோய் ஆனில் தங்கியிருந்த அறையில், தோழி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. குதிகாலில் கொப்புளம் உடைந்து, நீர் காய்ந்து, துணி தோலோடு ஒட்டிப்போயிருந்தது. வெந்நீரை ஆற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித்தான் பிரித்தோம்.

"ஏன்டி சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லையேடி" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

நடந்தது இதுதான். எனக்குப் பழைய கட்டடங்கள் என்றால் உயிர். அவளுக்குக் கடல். பயணத் திட்டம் போட்டது நான், அதனால் முதல் மூன்று நாளும் என் கால் போன வழிக்கே அவளும் வந்தாள். ஹுவே 1802 முதல் 1945 வரை நுயென் அரச வம்சத்தின் தலைநகர். கடைசி அரசர் பாவ் தாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று முடி துறந்த நோ மோன் வாயில் அங்கேதான் நிற்கிறது. 1968இல், வியட்நாம் போரின்போது, அரண்மனை வளாகத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தூண் இருந்த இடத்தில் அடிக்கல் மட்டும் வரிசையாகக் கிடக்க, நடுவே புல் முளைத்திருக்கும். 1835 முதல் 1837 வரை வார்த்த ஒன்பது வெண்கலக் கொப்பரைகள் அப்படியே இருக்கின்றன. நாட்டின் மலை, ஆறு, மீன், மரம், படகு எல்லாவற்றையும் அவற்றின் வயிற்றில் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தேன். மறுநாள் அரசர்களின் கல்லறைத் தோட்டங்கள். வெயிலில் அவள் எங்கே உட்கார்ந்தாள், எப்போது தண்ணீர் குடித்தாள் என்று நான் பார்க்கவே இல்லை.

ஹுவேயிலிருந்து டா நாங் போகும் ரயிலில் மட்டும் இருவருக்கும் ஒரே ஜன்னல் போதுமானதாக இருந்தது. தெற்கே போகும்போது இடப்பக்கம் இடம் பிடியுங்கள். ஹாய் வான் மலையைக் கடலோரமாகவே வளைந்து வளைந்து கடக்கும் பாதை அது. கீழே பாறையில் அலை அடிப்பது தெரியும். ஹாய் வான் என்றால் கடல்மேகம். முன்பு இந்த மலைக்கு வடக்கேயும் சம்பா நாடு, அதாவது சாம் மக்களின் பழைய அரசு, பரவியிருந்தது. 1306இல் சம்பா அரசன் மூன்றாம் ஜெயசிம்மவர்மன், வடக்கே ஆண்ட தாய் வியட் அரசின் இளவரசியை மணக்க, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு மாகாணங்களைப் பரிசமாகக் கொடுத்தான். அதைச் சொன்னபோது அவள் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்காமலே, "அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள். அதற்கு அடுத்த நாள்தான் அந்தக் காலுறை.

அன்று இரவு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். விடிந்தது முதல் மதியம் வரை அவரவர் வழி. மதியச் சாப்பாட்டுக்குச் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் வந்துவிட வேண்டும். அதன் பிறகு சேர்ந்துதான் எல்லாம். சேர்ந்து போவது என்றால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருப்பது என்று நினைத்திருந்தேன், அதனால் முதலில் இது பிரிவு மாதிரிதான் பட்டது.

மறுநாள் அவளுக்கு ஓய்வு. அதற்கு அடுத்த நாள் இருட்டோடு வேன் ஏறி 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மீ சன்னுக்குப் போனேன். சுற்றிலும் மலை, நடுவே சிவன் கோயில்கள். 4ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசன் பத்ரேசுவரன் என்ற பெயரில் லிங்கம் நிறுவிய இடம். அதன் பிறகு பல நூற்றாண்டுகள் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் உயர்ந்து நின்ற கோபுரம் 1969இல் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் சரிந்தது. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றில் செடி மண்டிக் கிடக்கிறது. 2020இல் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே 9ஆம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்றை மண்ணிலிருந்து மீட்டார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது செங்கல்தான். ஒரு சுவரை ஒட்டி நின்று பார்த்தேன். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே நகம்கூட நுழையவில்லை. சாந்து பூசிய கோடே கண்ணுக்குத் தெரியவில்லை. செங்கலை அடுக்கிய பிறகு அதன் மேலேயே பூவும் உருவமும் செதுக்கியிருக்கிறார்கள், அந்தச் செதுக்கல் இணைப்பைத் தாண்டி ஒரே கோடாக ஓடுகிறது. எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அந்த ஊர்க் காட்டில் வளரும் 'சாவ் ராய்' என்ற மரத்தின் பிசின் என்பது ஒரு கருத்து. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாமல் தவித்தேன்.

மதியம் சாப்பாட்டுக் கடையில் எனக்கு முன்பே அவள் வந்திருந்தாள். கையெல்லாம் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். ஆன் பாங் கடற்கரையில் ஒரு பெரியவர் பரிசலைக் கவிழ்த்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆமாம், கடலில் பரிசல்! மூங்கிலில் முடைந்த வட்டக் கூடை, ஒற்றைத் துடுப்பு. அதில் ஏறி அலையைத் தாண்டிப் போகிறார்கள். இவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததைப் பார்த்து அவர் ஒரு துணிப்பந்தை நீட்ட, இவளும் சேர்ந்து பூசியிருக்கிறாள். மூங்கில் இடுக்கை முதலில் சாணத்தால் அடைத்து, அதன் மேல் மரப்பிசின் பூசுவார்களாம்.

"என்ன பிசின்?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. கடைக்காரப் பெண்ணிடம் அவள் கையைக் காட்டிக் கேட்டோம். அந்தப் பெண் விரலைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "சாவ் ராய்" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் கோபுரத்தை ஒட்டியிருக்கலாம் என்று சொல்லப்படும் அதே மரம், அவள் விரல் இடுக்கில். நாங்கள் ஒன்றாகவே போயிருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் பார்த்திருப்போம். அன்று சாயங்காலம் வரை அந்த மேசையை விட்டு எழவில்லை.

ஹோய் ஆன் பற்றியும் சொல்ல வேண்டும். சீன, ஜப்பானிய வணிகர்கள் வந்து குடியேறிய துறைமுகம் அது. பிறகு ஆற்றுமுகம் மணல் தூர்ந்து கப்பல்கள் டா நாங்குக்குப் போய்விட்டன. வியாபாரம் போனதால்தான் இடித்துக் கட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை, பழைய மர வீடுகள் பிழைத்தன. அங்கிருக்கும் ஜப்பானியப் பாலம் 20,000 டாங் நோட்டில் அச்சாகியிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். தோழி பழம் வாங்கிவிட்டு ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்துவிட்டாள். தெருமுனை தாண்டிய பிறகு பழக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து, இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சுழியங்களை விரலால் எண்ணிக் காட்டித் திருப்பித் தந்தார். பெரிய நோட்டுகளைத் தனி உறையில் வையுங்கள். பணத்துக்கு நாங்கள் வைத்திருந்தது ஒரே பொதுப்பை. இருவரும் சமமாகப் போடுவோம், ஊருக்கு ஊர் பை கைமாறும். யார் எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கே எழவில்லை.

மற்றபடி, இந்தியக் கடவுச்சீட்டுக்கு இணையவழி விசா கிடைக்கிறது, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பை 8 கிலோவுக்கு மேல் வேண்டாம். துணி துவைத்துத் தரும் கடைகள் கிலோ கணக்கில் எங்கும் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் 'சாய்' என்று எழுதிய பலகையைத் தேடுங்கள், பௌத்தர்கள் நடத்தும் கடைகள். ஹுவேயில் அவை நிறைய. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் மழையும் வெள்ளமும், அப்போது போகாதீர்கள்.

குவி நோனில் இரண்டே நாள். ஊருக்குள்ளேயே சம்பாக் காலத்து இரட்டைக் கோபுரம் இருக்கிறது. கடலுக்குப் போகும் வழியில் அவளாகவே அங்கே நின்று, செங்கல் இடுக்கில் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

நா திராங்கில் கடைசி நாள். காய் ஆறு கடலில் சேரும் இடத்தில், குன்றின் மேல் போ நகர் அம்மன் கோயில். சாம் மக்களின் தாய் தெய்வம், பின்னால் வந்த வியட்நாமியரும் தங்கள் தாயாகவே ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் வழிபாடு நடக்கிறது. மீ சன்னில் சாமி இல்லாத கருவறைகளைப் பார்த்துவிட்டு, இங்கே ஊதுவத்திப் புகையும் பழத்தட்டும் கும்பிடும் கைகளுமாகப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போகக் கொடுத்த நீள அங்கியில் அவள் கால்வரை மறைந்திருந்தாள். காலை நேரம்தான், அவள் வர வேண்டிய கட்டாயம் இல்லை. எழுந்து, எனக்கு முன்பாகவே செருப்பை மாட்டியிருந்தாள்.

வெளியே வந்து மதில் ஓரம் நின்றோம். கீழே ஆற்றுமுகத்தில் மீன்பிடிப் படகுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு படகின் மேல்தளத்தில் பரிசல் ஒன்று கவிழ்ந்திருப்பதை அவள்தான் முதலில் காட்டினாள். பிறகு அடுத்த படகில் ஒன்று. இருவரும் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தோம்.