மூச்சு முட்டும் முயலுக்குச் சத்திரசிகிச்சை: சேமிப்பை எடுக்கலாமா?

கேள்வி: இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் குடும்பம் எங்களுடையது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மகள் வளர்க்கும் வெள்ளைப் பெண் முயலுக்கு இப்போது இரண்டேகால் வயது. சில மாதங்களாகத் தும்முகிறது. மூக்கில் வெள்ளைச் சளி வடிகிறது. அதைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால் மயிர் சடை பிடித்துவிட்டது. பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் வரும், முன்கூட்டியே கருப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று எங்கோ வாசித்துவிட்டு மகள் நாள்தோறும் கேட்கிறாள். வெளியூரில் உள்ள தனியார் மிருக வைத்திய நிலையம் ஒன்றில் விசாரித்தோம். சத்திரசிகிச்சைக்கு 30,000, மருந்துக்கு 4,000, வான் கூலி 14,000. மொத்தம் 48,000 ரூபாய். வங்கிச் சேமிப்பில் 90,000 இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் ஏறக்குறைய 40,000. ஐப்பசி பிறந்துவிட்டதால் காலபோகச் செலவும் தொடங்கிவிட்டது. சங்கிலியை அடகு வைப்பதா, நுண்கடன் எடுப்பதா என்றும் யோசிக்கிறேன். "1,500 ரூபாய்க்கு வேறு முயல் வாங்கலாம்" என்கிறார் கணவர். நான் என்ன செய்வது?
- வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: சகோதரி, சத்திரசிகிச்சையை இப்போது செய்ய வேண்டாம். ஆனால் மூக்குக்கு வைத்தியம் பார்க்க இந்தக் கிழமையே சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் எடுங்கள். கருப்பையை அகற்றுவது பற்றி மாசி மாதத்தில், நெல் வீட்டுக்கு வந்த பிறகு முடிவெடுக்கலாம். சங்கிலியையும் நுண்கடனையும் மறந்துவிடுங்கள்.

முயலைச் சோதித்து முடிவு சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர்தான். காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதை நான் சொல்ல முடியும். உங்கள் விடயத்தில் அந்த வரிசையிலேயே முயலின் உயிரும் தங்கியிருக்கிறது.

முயல் மூக்கால் மூச்சுவிடும் பிராணி. மூக்கு அடைத்துக்கொண்டால் நம்மைப் போல வாயைத் திறந்து இலகுவாகச் சமாளிக்க அதனால் முடியாது. அப்படிப்பட்ட உயிருக்குச் சளி கட்டிய நிலையில் மயக்க மருந்து கொடுப்பது பேராபத்து. பிரிட்டனில் நாய், பூனை, முயல்களுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது நேர்ந்த இறப்புகளைக் கணக்கெடுத்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் உடல்நலத்தோடு இருந்த முயல்களில் இறந்தவை 0.73 சதவீதம், நோயுற்றிருந்தவற்றில் 7.37 சதவீதம். அந்த நோய்கள் எல்லாம் மூக்கு நோய் அல்ல. அந்த நாட்டு வசதிகளும் இங்கு இல்லை. இருந்தாலும் இரண்டு எண்களுக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதைப் பாருங்கள். இன்று 48,000 ரூபாயைக் கொடுத்தால் அந்தப் பெரிய ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். மூக்கை முதலில் கவனித்துவிட்டு அதே காசைக் கொடுத்தால் ஆபத்தின் பெரும்பகுதியைக் குறைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

மகள் சொல்வது வெறும் பயம் அல்ல. கருப்பை அகற்றப்படாத பெண் முயல்களில் இந்தப் புற்றுநோய் உண்மையிலேயே அதிகம். சில இனங்களில், நான்கு வயதைத் தாண்டியவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு அது வருவதாகப் பதிவுகள் உள்ளன. அது நுரையீரலுக்கும் பரவும். ஆனால் வயது ஏற ஏறத்தான் இந்த ஆபத்தும் ஏறுகிறது. உங்கள் முயலுக்கு மாசியில் இரண்டரை வயது சற்றுத் தாண்டியிருக்கும். நான்கு மாதம் பொறுப்பதால் புற்றுநோய்ப் பக்கம் நீங்கள் இழப்பது மிகச் சிறிது. மூக்கின் பக்கம் பெறக்கூடியது பெரிது. வீட்டில் ஆண் முயல் இல்லையென்றால் குட்டி போடும் என்ற அவசரமும் இல்லை.

ஒரேயொரு விலக்கு உண்டு. சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, முலைக்காம்புகள் வீங்கினாலோ, மாசிவரை காத்திருக்கக் கூடாது. முயலின் சிறுநீர் சாப்பாட்டைப் பொறுத்தும் சிவப்பாகப் போவதுண்டு. ஆகவே பார்த்ததும் கலங்காமல் வைத்தியரிடம் காட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த 10,000. முதலில் உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். அங்கு பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான் பார்ப்பார்கள் என்றாலும், முயலைச் சோதிக்கவும், வேண்டுமானால் அடுத்து யாரிடம் அனுப்புவது என்று சொல்லவும் அவர்களால் முடியும். மூக்கில் வெள்ளைச் சளி வடிவதற்குப் பாஸ்டுரெல்லா என்ற பற்றீரியா அடிக்கடி காரணமாகிறது. பல்லின் வேர் வளர்ந்து மூக்கை அழுத்துவதும் காரணமாகலாம். எனவே பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் அதற்குத் தயங்காமல் காசு கொடுங்கள். மாசியில் நீங்கள் எடுக்கப்போகும் 48,000 ரூபாய் முடிவு அந்தப் படத்தில்தான் தங்கியிருக்கும்.

காசை மிச்சம் பிடிக்கலாம் என்று மருந்துக்கடையில் மனிதர்களுக்கான அமொக்சிசிலின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழியாகக் கொடுக்கும் அமொக்சிசிலின் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கெடுத்து அதைக் கொன்றுவிடக்கூடியது. வீட்டில் இருக்கும் வேறு எந்த மருந்தையும் வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

செலவில்லாத வேலைகளும் இருக்கின்றன. கூட்டில் சிறுநீர் தேங்கினால் எழும் அமோனியா வாடை மூக்கை அரித்துப் புண்ணாக்கும். விரிப்பை நாள்தோறும் மாற்றுங்கள். மரத்தூளை விட்டுவிட்டு உலர்ந்த புல்லைப் பரப்புங்கள். கிரவல் வீதியோரத்து வீடு என்றால் கூட்டைப் பின்பக்கத்துக்கு, காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள். அடுப்புப் புகையும் நுளம்புத்திரிப் புகையும் கூட்டுப்பக்கம் போகவே கூடாது. நீங்கள் தைக்கும் அறையில் கூடு இருந்தால் துணித்தூசியும் சேர்ந்துகொள்ளும். இந்தப் பொறுப்பு முழுவதையும் மகளிடம் கொடுங்கள். நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தன் கையால் செய்ய ஒன்று கிடைக்கும்.

உங்கள் சேமிப்பு இரண்டு மாதச் செலவுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதில் 80,000 ரூபாயில் கைவைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாரி இனித்தான் வரப்போகிறது. பயிர் நிலத்தில் நிற்கும்போது கையிருப்பைக் கரைப்பது வயல் செய்யும் குடும்பத்துக்கு ஆகாது.

நுண்கடனை எடுத்தால் தவணை அடுத்த கிழமையே வாசலுக்கு வரும். முயல் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் வரும். சிறு தொகைக்கு ஒன்று, அதை அடைக்க இன்னொன்று என்று வன்னியில் எத்தனை பெண்கள் அகப்பட்டுத் தவித்தார்கள் என்பதை உங்கள் அயலிலேயே கண்டிருப்பீர்கள். சங்கிலியோ குடும்பத்துக்கு வைத்தியச் செலவு வந்தால் கைகொடுக்க வேண்டிய பொருள். தள்ளிப்போடக்கூடிய செலவுக்காக அதை வட்டியில் வைக்கக் கூடாது.

தையல் வருமானத்தில் மாதம் 4,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால் கார்த்திகை முதல் மாசிவரை நான்கு மாதங்களில் 16,000 சேரும். தைப்பொங்கலுக்கு வரும் கூடுதல் தையல் வேலையில் 15,000 ஒதுக்க முடிந்தால் 31,000. மீதி 17,000 நெல் விற்ற காசிலிருந்து வரலாம். குறைந்தால் சிறுபோகத்துக்குப் பின் என்று தள்ளுங்கள். முயலுக்கு அப்போதும் நான்கு வயது ஆகியிருக்காது. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் முயலை வானில் ஏற்றாதீர்கள், வெப்பத்தை அது தாங்காது. வான் கூலி மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இருப்பதால், அந்தப் பக்கம் போகும் யாருடனாவது சேர்ந்து போக முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள்.

காசு சேர்ந்ததும் உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டா, ஒட்சிசன் வசதி இருக்கிறதா, வலிக்கு மருந்து தருவார்களா என்று கேளுங்கள். நாய்க்குச் சொல்வதுபோல முதல்நாள் இரவே பட்டினி போடச் சொன்னால் வேறு இடம் தேடுங்கள். முயல் வாந்தி எடுக்காது, அதற்குப் பட்டினி தேவையில்லை. பட்டினி கிடந்தால் குடல் நின்றுவிடும். சத்திரசிகிச்சை முடிந்த அன்றே அது சாப்பிடத் தொடங்க வேண்டும். சாப்பிடாவிட்டால் மீண்டும் வைத்தியரிடம் ஓட வேண்டியிருக்கும். அதற்கென்று இன்னும் 5,000 ரூபாய் கையில் இருப்பது நல்லது. அருகில் சரியான இடம் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையையும் விசாரிக்கலாம். தூரம் அதிகம், பயணச் செலவும் கூடும்.

மாசியில் மூக்கு முழுதாகக் குணமாகாமல் இருக்கலாம். பாஸ்டுரெல்லா பல முயல்களில் அடங்கிக் கிடக்குமே தவிர ஒழிவதில்லை. சளி குறைந்து, நுரையீரல் சுத்தமாக இருந்து, வைத்தியரும் சம்மதித்தால் செய்யுங்கள். நுரையீரலிலும் நோய் இருப்பதாகச் சொன்னால் சத்திரசிகிச்சையைக் கைவிடுங்கள். சேர்த்த காசு அதன் மருந்துக்கும் நல்ல உணவுக்கும் போகட்டும். மகளிடம் இந்த இரண்டு முடிவுகளையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

உங்கள் கணவரின் 1,500 ரூபாய்க் கணக்கு சந்தைக் கணக்காகச் சரி. ஆனால் பிள்ளை பெயர் வைத்து, புல் அறுத்துப் போட்டு வளர்த்த முயலுக்குச் சந்தையில் மாற்று இல்லை. அவரும் அதை அறிவார். உரம் வாங்கும் நேரத்தில் 48,000 என்று கேட்டதால்தான் அந்தப் பதில் வந்திருக்கும். இப்போது அவரிடம் 48,000 கேட்க வேண்டியதில்லை. 10,000 இன்று உங்கள் சேமிப்பிலிருந்து. 17,000 மாசியில், விளைச்சல் நன்றாக இருந்தால் மட்டும். இதை ஒரு தாளில் எழுதி, விதைப்பு வேலை மும்முரமாகும் முன் அவரோடு உட்கார்ந்து பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.