ஐந்து பேர் நிறுவனம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, பொதுத் திட்டங்களுக்கு உத்தி வகுத்து, அதை மக்களிடம் கொண்டுபோகும் சின்ன நிறுவனத்தில் யார் யார் இருப்பார்கள்?

பதில்: நாங்கள் ஐந்து பேர். கொள்கை ஆவணங்களைப் படித்து அலசுபவர், எழுதுபவர், வடிவமைப்பாளர், கணக்கும் ஒப்பந்தமும் பார்ப்பவர், கூட்டம் நடத்தும் நான். கூட்ட நாளில் எல்லோரும் நாற்காலி தூக்குவோம். எழுதுபவரின் வேலைக்கு ஓர் உதாரணம். "போக்குவரத்து மறுசீரமைப்பின் இரண்டாம் கட்ட அமலாக்கம்" என்று வந்த அறிவிப்பை, "திங்கட்கிழமை முதல் இங்கே பேருந்து நிற்காது, அடுத்த நிறுத்தம் 400 மீட்டர் தள்ளி" என்று மாற்றினார். அந்த "நிற்காது"வுக்கு ஒப்புதல் வாங்க நான்கு நாள் ஆயிற்று.

கேள்வி: எந்தப் பட்டம் வேண்டும்?

பதில்: எந்தப் பட்டமானாலும் சரி. கோபமாக இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் குறிப்பெடுக்கத் தெரிய வேண்டும்.

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு லோகோ செய்து தருவீர்களா?

பதில்: லோகோ மட்டும் என்றால், அதற்கு வெளியே வடிவமைப்பாளர்களைக் கேளுங்கள்.

கேள்வி: பணம் தருவது அரசுத் துறை. அப்புறம் நீங்கள் மக்கள் பக்கம் என்பது எப்படி?

பதில்: நல்ல கேள்வி, இதைத்தான் பேச வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்தார். அடியில் சூழ்ச்சியாக இணங்கவைப்பது, உச்சியில் மக்கள் கட்டுப்பாடு. தகவல் சொல்வதையும் கருத்துக் கேட்பதையும்கூட, அதோடு நின்றுவிட்டால், பெயரளவுப் பங்கேற்பு என்றார். அதனால் ஒப்பந்தத்துக்கு முன்பே துறையிடம் கேட்போம்: இதில் இன்னும் முடிவாகாதது எது? முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் உச்சிப் படி வேலையை மட்டும்தானே எடுக்க வேண்டும்?

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் மக்களே பட்ஜெட்டின் ஒரு பகுதியைத் தீர்மானிக்கத் தொடங்கினார்கள். அங்கே அவர்கள் கையில் உண்மையான அதிகாரம் இருந்தது. ஆனால் குழாய் வெடித்துத் தண்ணீர் வராமல் நிற்கும்போது மக்களுக்கு வேண்டியது வாக்கெடுப்பா? எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்ற நேர்மையான தகவல்தான். தகவலை ஆலோசனை என்று பெயர் மாற்றி விற்பதுதான் தவறு. ஒரு துறை அப்படிச் செய்யச் சொன்னபோது அந்த வேலையை விட்டோம், அந்த மாதம் சம்பளம் தாமதமானது, ஆனாலும் ஐந்து பேரும் சேர்ந்தே எடுத்த முடிவு அது.

கேள்வி: எந்தப் பட்டம் படிக்க வேண்டும் அக்கா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை, என்ன செய்வது?

பதில்: எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? நாங்கள் ஒருமுறை காலை 11 மணிக்கு வைத்தோம். பள்ளி நேரத்தைப் பற்றிய கூட்டம், அரங்கில் ஒரு பெற்றோர்கூட இல்லை. அதைக் கவனித்துச் சொன்னவர் கணக்குப் பார்ப்பவர். மறுவாரம் பள்ளி விடும் நேரத்துக்கு, வாசலிலேயே மேசை போட்டோம். முடிவெடுக்கும் முன்பு போடுங்கள், அதையும் மறுபடி சொல்கிறேன்.