நண்பரின் கோல்ஃப் மட்டைகள் உங்களுக்குப் பொருந்துகின்றனவா?

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 5 அடி 4 அங்குலம், வலக்கை ஆட்டக்காரன். ஆறடிக்கு மேல் உயரமுள்ள நண்பர் ஒருவர் தமக்கென அளவெடுத்துச் செய்துகொண்ட செட்டை வாங்கி, சென்னையில் ஓராண்டாக ஆடி வருகிறேன். நடுத்தரத் தூரத்துக்கான அயன் மட்டைகளிலும், அதைவிடக் குறுந்தூரத்துக்கான வெட்ஜிலும், பந்து இடப்பக்கமே போகிறது. நீண்ட தூரம் அடிக்கும் டிரைவரில் அவ்வளவு இல்லை. புதிய செட் வாங்க வேண்டுமா? தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஃபிட்டிங், அதாவது ஆளுக்கேற்ப மட்டையை அளந்து பொருத்துவது, தேவைதானா?

பதில்: வெட்ஜில் அதிகமாகவும் டிரைவரில் குறைவாகவும் பந்து விலகுகிறது என்று நீங்கள் கவனித்துச் சொல்லியிருப்பது மிகவும் பயனுள்ள தகவல். மட்டை தரையில் நிற்கும்போது அதன் தண்டான ஷாஃப்டுக்கும் தரைக்கும் இடையே அமையும் கோணத்தை லை என்கிறோம். உயரமானவருக்காக இந்தக் கோணம் நிமிர்த்தப்பட்ட மட்டையை உயரம் குறைந்தவர் வீசும்போது, மட்டைத் தலையில் ஷாஃப்டை ஒட்டிய குதிப்பகுதி முதலில் தரையைத் தொட, எதிர்முனையான நுனி மேலே தூக்கி நிற்கிறது. அதனால் முகப்பு இடப்பக்கம் திரும்புகிறது. முகப்பின் சரிவு, அதாவது லாஃப்ட், கூடக்கூட இந்தத் திரிபும் கூடும் என்பதால்தான் வெட்ஜில் அது பளிச்சென்று தெரிகிறது.

ஆயினும் உங்கள் வீச்சிலேயே குறை இருக்கவும் வாய்ப்புண்டு. அதைப் பிரித்தறியச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பந்தின் மீது மார்க்கர் பேனாவால் தடித்த கோடு ஒன்று வரைந்து, அந்தக் கோடு செங்குத்தாக மட்டையின் முகப்பை நோக்கியிருக்கும்படி வைத்து, 7ஆம் எண் அயனால் வழக்கம்போல் அடியுங்கள். முகப்பில் பதியும் கோட்டின் மேல்முனை நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால் லை உங்களுக்கு மிகையாக நிமிர்ந்திருக்கிறது. குதிப்பக்கம் சாய்ந்தால் மிகையாகத் தாழ்ந்திருக்கிறது. கோடு நேராகவே பதிந்தால் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் கடையன்று, பயிற்சியாளர். உங்கள் செட் பிங் நிறுவனத்தினுடையதாக இருந்தால் தலையிலுள்ள நிறப்புள்ளியையும் பாருங்கள்: கறுப்பு இயல்பான அளவு, நீலமும் பச்சையும் நிமிர்ந்தவை, சிவப்பும் ஆரஞ்சும் தாழ்ந்தவை.

லைதான் காரணம் என்று உறுதியானால், உடனே புதிய செட் வாங்க வேண்டியதில்லை. அடித்து உருவாக்கிய மென்மையான கார்பன் எஃகுத் தலைகளை அதற்குரிய கருவியில் ஓரிரு பாகை வளைத்துச் சரிசெய்யலாம். வார்ப்பு எஃகுத் தலைகள் கடினமானவை, சில உடைந்தும் போகலாம். ஆகவே அவற்றைப் பழக்கமுள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள். ஷாஃப்ட் நீளமாகவும் இருந்தால் குறைக்கலாம். அரை அங்குலம் குறைத்தாலே மட்டை ஏறத்தாழ ஒரு பாகை தாழ்ந்ததுபோல் இயங்கும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் தலை கனம் குறைந்தது போன்ற உணர்வு வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள்.

தொடக்கநிலையில் ஃபிட்டிங் வேண்டாம் என்று பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. பொருந்தாத மட்டையோடு ஆடுபவர், பந்தை நேராக அனுப்புவதற்காகத் தம் நிலையையும் வீச்சையும் தம்மையறியாமலே வளைத்துக்கொள்கிறார். பிறகு அந்தப் பழக்கத்தை நீக்குவது மட்டையை மாற்றுவதைவிடக் கடினம். நீளம், லை, கைப்பிடியான கிரிப்பின் பருமன் ஆகிய மூன்றையும் இப்போதே பொருத்திக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் நுணுக்கங்கள் வீச்சு நிலைப்படும்வரை காத்திருக்கலாம். அதுவரை, டிரைவரில் மட்டைத் தலையின் வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் வரை இருந்தால் ரெகுலர், அதற்குக் கீழே இன்னும் எளிதில் வளையும் சீனியர் என்ற ஷாஃப்ட் வகை வழிகாட்டல் போதும். இந்தப் பெயர்களுக்கு நிறுவனங்களிடையே பொது அளவுகோல் கிடையாது. ஒருவரின் ரெகுலர் மற்றொருவரின் விறைப்பான ஸ்டிஃப் போல இருக்கலாம்.

ஃபிட்டிங்கில் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளப்பது ஒரு தொடக்கம் மட்டுமே. பந்தை அடிக்கவைத்து, லாஞ்ச் மானிட்டர் என்னும் அளவுக் கருவியில் வேகம், எழும் கோணம், சுழற்சி ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பவரையே நாடுங்கள். அங்கே பலத்தைக் காட்ட நினைக்காமல் வழக்கமான வீச்சையே வீசுங்கள். மிக நீளமாகப் போன ஒரே அடியை வைத்து எந்த மட்டையையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

புதிய செட்தான் வேண்டுமென்றால், மட்டையில் உள்ள எண்ணை நம்பாமல் லாஃப்டைக் கேளுங்கள். முன்பு 35 பாகையை ஒட்டியிருந்த 7ஆம் எண் அயன், இன்றைய தொடக்கநிலை செட்டுகள் பலவற்றில் 30 பாகைக்கும் கீழே வந்துவிட்டது. பிட்சிங் வெட்ஜ் 43 பாகையும் சாண்ட் வெட்ஜ் 56 பாகையும் கொண்ட செட்டில், இடையே இன்னொரு வெட்ஜ் இல்லாவிட்டால் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரங்களுக்கு உங்களிடம் மட்டையே இருக்காது. விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இப்போது எட்டு போதும்.

கிரிப்பைப் பிடிக்கும்போது இடக்கை நடுவிரல்களின் நுனி உள்ளங்கையை மெல்லத் தொட வேண்டும். நகம் அழுந்தினால் கிரிப் மெலிது, இடைவெளி தெரிந்தால் பருமன். சென்னைப் புழுக்கத்தில் கை வியர்த்து வழுக்குவதாக இருந்தால், நூல் கலந்த கார்ட் வகைக் கிரிப்பைக் கேளுங்கள். முடிவான அளவுகள் அனைத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, மட்டைகள் வந்ததும் ஒவ்வொன்றின் லாஃப்டையும் லையையும் உங்கள் முன்னிலையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். தயாரிப்பில் ஒரு பாகை வரை வேறுபாடு நேர்வதுண்டு.