மருந்து இருக்கிறது, பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஏன் தரவில்லை? வாசகர் கேள்விகள்

அம்மாவின் புற்றுநோய்க்கான புது மருந்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று செய்தியில் பார்த்தோம். மருத்துவரோ "என்.எச்.எஸ்.ஸில் இன்னும் வரவில்லை" என்கிறார். எது உண்மை?

இரண்டுமே உண்மை. செய்தியில் வந்தது, மருந்துகளுக்கு அனுமதி தரும் பிரிட்டன் அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. கொடுத்த உரிமமாக இருக்கும். மருந்து பாதுகாப்பானதா, வேலை செய்கிறதா, தரமாகத் தயாராகிறதா என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. கேட்கிற விலைக்கு அது தகுமா என்று இங்கிலாந்தில் பார்ப்பது நைஸ், 1999-ல் தொடங்கிய அமைப்பு. நைஸ் பரிந்துரைத்துவிட்டால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் என்.எச்.எஸ். பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். புற்றுநோய் மருந்து என்றால், நைஸின் வரைவு அறிக்கை சாதகமாக வந்ததுமே அதற்கான தனி நிதியிலிருந்து கிடைக்க வாய்ப்புண்டு. அதனால் "நைஸில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்படியானால் உயிருக்கு விலை போடுகிறார்களா?

இந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. கணக்கைப் பார்த்துவிடுவோம். முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டு, ஒரு 'குவாலி'. ஒரு மருந்து ஒன்றரை ஆண்டு கூடுதல் ஆயுள் தருகிறது, முழு ஆரோக்கியத்தை 1 என்று வைத்தால் அந்தக் காலத்தில் உடல்நிலை 0.6 அளவில் இருக்கிறது என்றால், கிடைப்பது 0.9 குவாலி. இப்போதைய சிகிச்சையைவிட 36,000 பவுண்டு கூடுதலாகச் செலவானால், ஒரு குவாலிக்கு 40,000. நைஸின் வழக்கமான எல்லை பல காலம் 20,000 முதல் 30,000 வரை இருந்தது; அதை 25,000 முதல் 35,000 ஆக உயர்த்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். இந்த இரண்டு எல்லையிலும் இந்த மருந்து தேறாது. கம்பெனி விலையைக் குறைத்து, கூடுதல் செலவு 27,000-க்கு இறங்கினால் தேறிவிடும். பல மருந்துகள் வெளியே சொல்லாத தள்ளுபடியோடுதான் உள்ளே வருகின்றன. கடுமையான நோய் என்றால் குவாலியை 1.2 அல்லது 1.7-ஆல் பெருக்கிக்கொள்ளும் முறை 2022-ல் வந்தது.

எல்லை எதற்கு? பட்ஜெட் ஒன்றுதான். இங்கே கூடுதலாகப் போகும் பணம் இன்னொருவரின் முழங்கால் அறுவை சிகிச்சையிலிருந்தோ, வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸிடமிருந்தோ எடுக்கப்படும். அவரைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. அவருக்காகவும் யாராவது கணக்குப் பார்க்க வேண்டும் என்பதால்தான் இந்த முறையை நான் ஆதரிக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் கிடைக்கும் மருந்து இங்கிலாந்தில் இல்லையாமே?

ஆமாம். அங்கே முடிவெடுப்பது வேறு குழு. ஹெர்2 என்ற புரதம் குறைவாக உள்ள, உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கு என்ஹெர்ட்டு என்ற மருந்தை ஸ்காட்லாந்து ஏற்றது. 2024-ல் நைஸ் மறுத்தது. ஒரே நாட்டுக்குள் இப்படி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நைஸ் ஏற்காத மருந்துக்கு, எங்களுக்கு மட்டும் தரும்படி தனியாக விண்ணப்பிக்கலாமா?

உங்கள் மருத்துவர்தான் விண்ணப்பிக்க முடியும். அதே நோயுள்ள மற்றவர்களிடமிருந்து உங்கள் உடல்நிலை எப்படி வேறுபடுகிறது என்று அவர் காட்ட வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதெல்லாம் கணக்கில் வராது.

வரைவு அறிக்கைக்கு நைஸ் கருத்துக் கேட்கிறது. நாங்கள் எழுதி என்ன ஆகப்போகிறது?

எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான ஓர்காம்பி என்ற மருந்தை நைஸ் 2016-ல் மறுத்தது. பிள்ளைகளின் பெற்றோர் ஓயவில்லை. 2019 அக்டோபரில் என்.எச்.எஸ்.ஸும் கம்பெனியும் விலையில் உடன்பட்டு, மருந்து வந்தது.

ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். நோயாளியின் நிலையை அளக்க வழக்கமாகப் பயன்படும் படிவத்தில் ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிநிலை. அதில் விழாதவை நிறைய. "இந்த மருந்து எங்களுக்கு அவசியம்" என்று எழுதினால் குழுவுக்குப் புதிதாக எதுவும் தெரியாது. காலையில் அம்மாவின் ரவிக்கை ஊக்கை மாட்டிவிடுவது யார், மாடிப்படியில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறார், அதற்காக நீங்கள் வாரத்தில் எத்தனை நாள் லீவு போடுகிறீர்கள் என்று எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. கடைசித் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது அறிவிப்பிலேயே இருக்கும்.