தறி நின்றதும் ஸ்டெப்ஸ் ஏன் குறைந்தது?

கேள்வி: வயது 58, குடியாத்தத்தில் குழித்தறி நெசவாளர். இடது இடுப்பு மூட்டில் தேய்மானம் என்றார்கள். மகன் வாங்கித் தந்த வாட்சில் முன்பு தினமும் 9,000 ஸ்டெப்ஸ் காட்டியது. வலியால் தறியை நிறுத்திய பிறகு 4,000தான். மூட்டில் சொடக்குச் சத்தம் வேறு. படுத்த படுக்கையாகிவிடும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். இரவில் வலி எழுப்பிவிடுகிறது, கடை மாத்திரை போட்டால்தான் தூக்கம்.

பதில்: தேய்மானம் ஒரேயடியாகப் படுக்கையில் தள்ளும் நோய் அல்ல ஐயா. முற்றினாலும் மூட்டு மாற்று சிகிச்சை இருக்கிறது. யூடியூப்பை மூடுங்கள். வலியில்லாத சொடக்கையும் விட்டுவிடுங்கள்.

வாட்ச் சென்சார் உங்கள் காலைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான் அடியை எண்ணுகிறது. தறிக்குழியில் உட்கார்ந்து நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா ஓடுவதற்காகக் கயிற்றை இழுத்த இழுப்புகளையும் அது நடையாகச் சேர்த்திருக்கலாம். தறி நின்றதும் அந்தக் கணக்கும் நின்றிருக்கும். இடுப்புக்காக நடையை அளக்க கீழ்முதுகு, தொடை, கணுக்கால் என்று சென்சார் கட்டுவார்கள். அடியின் நீளம், வலிக்கும் காலில் நிற்கும் நேரம், தொடை பின்னால் போகும் அளவு எல்லாம் அதில் தெரியும். தேய்ந்த மூட்டில் தொடை பின்னால் போவது குறைந்து அடி குட்டையாகும். அந்த அளவுகளை மட்டும் வைத்தும் யாரும் அறுவை சிகிச்சை முடிவு செய்வதில்லை. கால் நகம் வெட்ட முடிகிறதா, குழியில் இறங்கி ஏற முடிகிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

எனக்குக் கவலை, கடிதத்தின் கடைசி வரிதான். நடக்கும்போது வலிப்பது வேறு, படுத்திருக்கும்போதே வலி எழுப்புவது வேறு. மூட்டு நன்றாகத் தேய்ந்திருக்கலாம், அல்லது தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். பெயர் தெரியாத அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால், நாள்பட அதுவே அந்த ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். வெறும் வலி மாத்திரை என்றாலும் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. மருந்துக்கடைக்காரர் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் உங்கள் ரத்தக் கிரியேட்டினின் அளவைப் பார்த்தா கொடுத்தார்? இந்த வாரமே மாத்திரை அட்டையோடு வேலூருக்குப் பஸ் ஏறி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பல நாள் போட்டிருந்தால், அவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ அன்றைக்கே போக வேண்டும்.

அதுவரை ஊன்றுகோலை வலது கையில் பிடியுங்கள், வலிக்கும் பக்கம் அல்ல. வாட்ச் இடது கையில் இருக்கட்டும். கோல் பிடித்த கை சரியாக வீசாது, எண்ணிக்கை இன்னும் குறைந்து வீணாகப் பயப்படுவீர்கள்.